தேர்தல் காசில் காவலாள் வைக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். உங்கள் அக்கா 2025 மே மாதம் நடந்த பிரதேச சபைத் தேர்தலில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு வட்டாரத்தில் நின்று தோற்றிருக்கிறார். பிரசார நாட்களில் ராத்திரி நேரம், தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) அவர் இருக்கும் காம்பராக் கூரைத் தகரத்தில் கல் விழுந்திருக்கிறது. தெரியாத நம்பர்களிலிருந்து கெட்ட வார்த்தை. முகத்தை வெட்டி ஒட்டிய படம் ஒன்று வட்ஸ்அப்பில் தோட்டம் தோட்டமாகச் சுற்றியிருக்கிறது. இப்போது, மாகாண சபைத் தேர்தல் வந்தால் திரும்ப நில் என்று கேட்கிறார்கள். கொழும்பில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரும் தோட்டத்து ஆட்களும் சேர்த்துத் தரும் காசில் இரண்டு காவலாட்களை வைக்கலாமா, வீட்டுக்குக் கமரா பூட்டலாமா, அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வந்திருக்கிறதாமே, இங்கே செய்தால் தப்பாகுமா என்பது கேள்வி. கடைசி வரியில், "நானே அவளோட போய்வந்தா அதையும் கணக்குல எழுதணுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்த கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. ஹட்டனில் இருபத்தைந்து வருடமாகக் கணக்குப் பார்க்கிறவன். கடைகள், ஒன்றிரண்டு சங்கங்கள், கோயில் திருவிழாக் கமிட்டிகள். தேர்தல் செலவுச் சட்டம் வந்த பிறகு, வேட்பாளர்களின் வரவு செலவு விபரத்திரட்டையும் எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே சட்டத்தின் நோக்கம், தத்துவம் என்பதையெல்லாம் விட, ஒரு துண்டுச்சீட்டு மேசைக்கு வரும்போது அதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்ற இடத்திலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதைப் பாதி வாசித்துவிட்டு இங்கே பொருத்தினால் வழி தவறும். அங்கே பிரசாரத்துக்கென்று வாங்கிய காசை வேட்பாளர் தன் சொந்தத் தேவைக்கு எடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. எது சொந்தத் தேவை என்பதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: இந்த ஆள் வேட்பாளராகவோ பதவியிலோ இல்லாவிட்டாலும் இந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது சொந்தச் செலவு, பிரசாரக் காசில் கைவைக்கக்கூடாது. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தப் பக்கம். வீட்டுக்குக் காவல் எந்தப் பக்கம் என்பதில்தான் இழுபறி. 2017 ஜூன் 14ஆம் திகதி வர்ஜினியாவில் அலெக்சாந்திரியா என்ற இடத்தில், பேஸ்போல் பயிற்சியில் இருந்த காங்கிரஸ் உறுப்பினர்கள்மீது ஒருவன் சுட்டான். ஸ்டீவ் ஸ்கலீஸ் என்ற உறுப்பினர் பலத்த காயமடைந்தார். அதன் பிறகு, உறுப்பினர்கள் வீட்டுக்குப் பாதுகாப்புக் கருவி பூட்டப் பிரசார நிதியை எடுக்கலாம் என்று அந்த நாட்டின் சமஷ்டித் தேர்தல் ஆணைக்குழு கருத்துரை கொடுத்தது. 2021 ஜனவரியில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. அந்த மார்ச்சிலேயே மெய்க்காவலருக்கும் கொடுக்கலாம் என்றார்கள். ஒவ்வொருவராக வந்து கேட்டு, ஒவ்வொருவருக்காகப் பதில் எழுதி அலுத்தோ என்னவோ, 2024 செப்டம்பரில் பொதுவான விதியாகவே நிறைவேற்றி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கமரா, அலாரம் போன்ற கருவிகள், கதவு, வேலி, வெளிச்சம் போன்ற கட்டட வேலைகள், தொழில்முறைக் காவலர்கள், கணினிக்கும் போனுக்குமான பாதுகாப்பு என்று நாலு வகை. குடும்பத்தாருக்கும் அலுவலக ஆட்களுக்கும் கூடச் செலவழிக்கலாம். ஆனால் கட்டுப்பாடுகளும் உண்டு. பயமுறுத்தல் அந்தப் பதவியால் அல்லது போட்டியால் வந்ததாக இருக்க வேண்டும். காவலர் உண்மையான தொழில்காரராக இருக்க வேண்டும். சந்தை விலைதான் கொடுக்க வேண்டும். வேலி கட்டுகிறேன் என்று சொல்லி வீட்டின் பெறுமதியைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும்.

இதில் உங்களுக்கு உதவுகிற பகுதி அந்தக் கேள்வியும் அந்தக் கட்டுப்பாடுகளும்தான். மற்றதெல்லாம் வேறு உலகம். அங்கே ஒருவர் எவ்வளவு நன்கொடை தரலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது, வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. 1976இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே செலவு வரம்பைத் தள்ளிவிட்டது. இங்கே தலைகீழ். நம்முடைய 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினத்தை ஒழுங்குபடுத்தல் சட்டம் செலவுக்குத்தான் கூரை போடுகிறது. ஒருவர் இவ்வளவுக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்று தொகை வைக்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். அங்கே காவலுக்குக் கொடுக்கும் டொலர் எந்தச் செலவு வரம்பிலிருந்தும் கழியாது, இருந்தால் கொடுக்கலாம். இங்கே காவலுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாவும் துண்டுப்பிரசுரத்திலிருந்தும் வேன் வாடகையிலிருந்தும் கழிகிறது.

கூரை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. தேர்தல்கள் ஆணைக்குழு கட்சிகளோடு கலந்து பேசி, வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு ரூபா என்று தீர்மானிக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபா. 1 கோடி 71 இலட்சத்து 40 ஆயிரம் வாக்காளருக்கும் பெருக்கினால் ஏறத்தாழ 186 கோடியே 80 இலட்சம் வந்தது. அதில் 60 வீதம் வேட்பாளர் கையால், 40 வீதம் கட்சிச் செயலாளர் கையால். உள்ளூராட்சித் தேர்தலில் சபைக்குச் சபை தொகை மாறியது உங்களுக்கே நினைவிருக்கும். கணக்குக்காக, உங்கள் அக்காவுக்கு வரும் வரம்பு 3 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காவலர், ஆளுக்கு நாளைக்கு 4,000 ரூபா, 20 நாள் என்றால் 160,000. பாதிக்கு மேல் போய்விட்டது. எதிரே நிற்கிறவருக்குப் பயமுறுத்தல் எதுவும் இல்லை, அவர் 3 இலட்சத்தையும் நோட்டீசில் போடுகிறார். கல்லெறிந்தவன் இரண்டு தடவை வென்றான் என்றாகிறது. இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்பது என் எண்ணம். காவல் செலவைக் கூரைக்கு வெளியே வைத்து, ஆனால் கட்டாயம் காட்டச் சொல்லியிருக்கலாம். அப்படி வைத்தால் அதற்குள் எதைத் திணிப்பார்கள் என்பதையும் கீழே சொல்கிறேன், அதனால் என் எண்ணத்தை நானே முழுசாக நம்புவதில்லை.

இனி, நிச்சயமாகச் சொல்லக்கூடியது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் நன்கொடை எங்கிருந்து வந்தது, செலவு எங்கே போனது என்ற விபரத்திரட்டைக் கொடுத்தே ஆகவேண்டும், தோற்றவரும்தான். கொடுக்காவிட்டாலும் பொய்யாகக் கொடுத்தாலும் குற்றம். வரம்பை மீறினால் பதவியே போகலாம். அடையாளம் தெரியாத ஆளிடமிருந்து வாங்கக் கூடாது, வெளிநாட்டு அரசாங்கத்திடமோ வெளிநாட்டுக் கம்பனியிடமோ வாங்கக் கூடாது, அரச திணைக்களம், உள்ளூராட்சி சபை போன்றவற்றிடம் வாங்கக் கூடாது. கொழும்புச் சொந்தக்காரர் தருகிறார் என்றால் அவர் பெயரில், வங்கி வழியாக வரட்டும். "இதுல பேர் போட வேணாம் தம்பி, சும்மா வச்சுக்க" என்று கவரில் தருபவரின் காசை வாங்கவே வேண்டாம்.

காவலுக்குச் செலவழிக்கலாமா? அமெரிக்காவைப் போலக் காவல் செலவை இன்னின்ன வகை என்று பிரித்து அனுமதிக்கிற விதி நம் சட்டத்தில் கிடையாது. ஆகவே என் நடைமுறை இது: தேர்தலுக்கு நிற்பதால் வந்த பயமுறுத்தலுக்காக, தேர்தல் காலத்தில் ஆன செலவு என்றால் அதைத் தேர்தல் செலவாகவே எழுதுகிறேன், கூரைக்குள்ளேயே அடக்குகிறேன். எழுதாமல் விட்டுவிட்டு, அது என் சொந்தச் செலவு என்று பிறகு வாதாடுவதைவிட எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது மேல். தேர்தலுக்கு முன்பே காணித் தகராறோ குடும்பத் தகராறோ இருந்து, அதற்காக வைத்த காவல் என்றால் அதைச் சேர்ப்பதில்லை. இரண்டும் கலந்த சந்தர்ப்பங்களில் என்ன செய்வது என்பது ஒரு கணக்காளன் தீர்க்கிற விஷயமில்லை. அந்த இடத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், அல்லது கச்சேரியில் தெரிவத்தாட்சி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "பரவாயில்ல, போடுங்க" என்று யாராவது சொன்னால் அது பதிலாகாது.

சங்கத்துக் காசு பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். மலையகத்தில் கட்சியும் தொழிற்சங்கமும் ஒரே வீட்டின் இரண்டு கதவு. மாதாமாதம் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பட்டியலில்) பிடிக்கும் சந்தாவிலிருந்து ஒரு பகுதியை எடுத்து "தலைவருக்குப் பாதுகாப்பு" என்று எழுதச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 1935இல் வந்த தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அரசியல் காரியத்துக்கான நிதியைத் தனியாகத் திரட்டித் தனியாக வைக்கச் சொல்கிறது. நாளைக்கு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை 2024 செப்டம்பரில்தான் கண்ட ஆட்களின் சந்தா அது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவள் தன் சம்பளத்தில் பிடிக்கும் காசு எவருடைய ஜீப்புக்குப் பின்னால் ஓடும் இன்னொரு ஜீப்புக்குப் போகிறது என்று தெரிந்து கொடுக்கவில்லை. நான் எழுத மறுத்தேன். அந்தச் சங்கம் அடுத்த வருடம் வேறு ஆளிடம் கணக்கைக் கொண்டுபோனது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் முடிந்து பத்தொன்பதாம் நாள் ஒரு வேட்பாளர் சொப்பிங் பேக்கில் ரசீதுகளை அள்ளிக்கொண்டு என் கந்தோருக்கு வந்தார். இரண்டு நாள்தான் மிச்சம். பெற்றோல் ரசீது, அச்சகத்துப் பில், ஒலிபெருக்கி வாடகை, இடையில் அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். அதில் பென்சிலால்: "பாதுகாப்பு – 14 பேர் – 9 நாள்." கீழே தொகை. கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. யார் இவர்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் நம்ம பொடியனுங்கதான் அண்ணே."

"யாருகிட்ட இருந்து பாதுகாப்பு?"

அவர் கொஞ்சம் சிரித்தார். எதிர்க்கட்சி என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொன்னது தன்னுடைய லிஸ்டிலேயே இருந்த இன்னொரு வேட்பாளரின் விருப்பு இலக்கத்தை. நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனம், ஒரு லிஸ்டில் பதினொரு பேர், வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு. அந்தக் கணக்கில் உங்களுக்குப் பெரிய எதிரி பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டவர்தான். பொடியன்கள் என்ன செய்தார்கள் என்று மேலும் கேட்டேன். சந்தியில் நின்றார்களாம். மற்ற இலக்கத்தின் போஸ்டர் ஒட்ட வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்களாம். ராத்திரி பசை வாளியோடு போய்த் தங்கள் போஸ்டரை ஒட்டினார்களாம். தேநீர்க்கடைப் பில்லில் ஒன்பது நாளும் கொத்து ரொட்டி இருந்தது; தேநீர்க்கடையில் விற்காத சாமானும் கடைக்காரரின் கையெழுத்திலேயே இருந்தது. பதினாலு பேரும் அதே தோட்டத்து வாக்காளர்கள்.

தம்பி, இதை நான் பாதுகாப்பு என்று எழுதவில்லை. ஆட்கூலி என்று எழுதச் சொன்னேன், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் வாங்கிவரச் சொன்னேன். அவர் நான்கு பேருடையதைத்தான் கொண்டுவந்தார். மற்றவர்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்களாம். போஸ்டரும் தேநீர்க்கடைப் பில்லும் எங்கே இழுக்கும் என்று விளங்கப்படுத்தினேன். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் இலஞ்சம், உபசரித்தல், தகாத செல்வாக்கு மூன்றும் ஊழல் பழக்கங்கள். வாக்காளனுக்குத் தின்னக் குடிக்க வாங்கிக் கொடுப்பது உபசரித்தல், வாக்காளனைப் பயமுறுத்துவது தகாத செல்வாக்கு. ஒரே தாளில், பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. காவல் செலவைக் கூரைக்கு வெளியே வைத்தால் என்ன நடக்கும் என்று முன்னால் தயங்கினேனே, அது இந்தத் தாள்தான்.

இது போஸ்டரோடு முடிகிற விளையாட்டும் இல்லை. 2001 டிசம்பர் 5ஆம் திகதி, பாராளுமன்றத் தேர்தல் நாளில், கண்டிக்குப் பக்கத்து உடதலவின்னையில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் எதிரிக்கூண்டில் ஓர் அமைச்சரோடு அவருடைய பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர்களும் நின்றார்கள். அமைச்சர் பின்னர் விடுவிக்கப்பட்டார். 2011 அக்டோபர் 8ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல் நாளில், கொழும்புக்கு அருகே பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். மோதிக்கொண்டவர்கள் ஒரே ஆளுங்கட்சிக்காரர்கள், இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ஆட்கள். துப்பாக்கி வைத்த ஆள் பக்கத்தில் நிற்கும்போது வேட்பாளர் தைரியமாகிறார், தைரியமான வேட்பாளர் வழக்கமாகப் போகாத சந்திக்கும் போகிறார். எதிர்ப்பக்கமும் அதையே செய்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமானோடும் அனுர பண்டாரநாயக்கவோடும் சேர்ந்து தெரிவான காமினி திசாநாயக்க, 1994 அக்டோபர் 24ஆம் திகதி ஜனாதிபதி வேட்பாளராகத் தொட்டலங்கக் கூட்டத்தில் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். கூட இறந்தவர்கள் 50 பேருக்கு மேல். அந்த மாதிரி ஆபத்துக்கு முன்னால் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் இரண்டு பேரால் ஆவது ஒன்றுமில்லை, அது அரசாங்கமே பார்க்க வேண்டியது. 2025 அக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன் காரியாலயத்தில், பகல் வேளையில் சுடப்பட்டு இறந்தார். பிரதேச சபை மட்டத்தில் என்ன பயம் என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். பயப்படுவதற்குக் காரணமில்லை என்று உங்கள் அக்காவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ஆகவே காவலாள் வேண்டும் என்றே முடிவெடுத்தால் எப்படி என்று சொல்கிறேன். தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அமைச்சில் பதிய வேண்டியவை. அப்படிப் பதிந்த நிறுவனம் ஒன்றிடம் எழுத்தில் விலை கேளுங்கள், முடிந்தால் இரண்டிடம். ஒப்பந்தம், நாள் கணக்கு, ரசீது. துப்பாக்கி வேண்டாம். "எங்க மாமாகிட்ட லைசன் துவக்கு ஒண்ணு இருக்கு" என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஒருவருடைய அனுமதிப்பத்திரத்தில் இன்னொருவர் துவக்குத் தூக்கினால் முதலில் உள்ளே போவது உங்கள் அக்காவைக் காக்க வந்தவர்தான். 2024 கடைசியில் பொதுமக்களுக்குக் கொடுத்திருந்த துப்பாக்கிகளையே பாதுகாப்பு அமைச்சு மீளாய்வுக்காகத் திருப்பிக் கேட்டது, அந்த விஷயத்தில் இப்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விளங்கும். காவலர் வெளியூர்க்காரராக, உங்கள் தொகுதியில் வாக்கில்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பதினாலு பேர் கதை மறுபடி வராது. லய வாசலுக்குள் அவர் வரக்கூடாது, றோட்டோடு நிற்கட்டும். சீருடை போட்ட ஆள் இஸ்தோப்பில் (வாசல் விறாந்தையில்) நின்றால் வாக்குக் கேட்கப் போனீர்களா, கடன் அறவிடப் போனீர்களா என்று ஆச்சிமார் கேட்பார்கள்.

கமரா விஷயத்தில் நம் ஊருக்கு மட்டும் உள்ள சங்கடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க விதி கதவையும் வேலியையும் பற்றிப் பேசும்போது, வீடு வேட்பாளருடையது, காணி அவருடையது என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. வேலியால் வீட்டின் விலை கூடிவிடுமோ என்பது அவர்களுடைய கவலை. உங்கள் அக்காவின் காம்பராவுக்கு விலையே கிடையாது. காணி அரசாங்கத்தினுடையது, கம்பனி குத்தகைக்கு எடுத்தது. சுவர் அடுத்த காம்பராக்காரரோடு பங்கு. கூரைத் தகரம் பத்துக் குடும்பத்துக்கும் ஒரே நீளம். இரும்புக் கேற்றுப் போடுவதென்றால் தோட்டத்து ஆபீசில் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுதிக் கேட்க வேண்டும். தேர்தல் நேரத்தில் அந்தக் கடிதம் எத்தனை நாள் மேசையில் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கமராவைத் தூணில் பூட்டினால் அது அடுத்த வாசலையும் பார்க்கும். அங்கே யார் வருகிறார், எந்த நேரம் போகிறார் என்று பிடித்து வைத்திருக்கும். நீங்கள் ஒருவனைப் பிடிக்கப் பூட்டியது, பத்து வீட்டுக்கு உங்கள்மேல் கோபம் வர வைத்துவிடும். போகாவத்தைப் பக்கம் ஒரு வீட்டில் இது நடந்து, கமராவை மறைத்துக் கம்பளியைக் காயப் போட்டார்கள். தேர்தல் முடியும்வரை அந்தக் கம்பளி காயவே இல்லை.

எனவே கமராவுக்கு முன்னால் வெளிச்சம். லயத்து முனையிலும் பைப்படியிலும் இரண்டு நல்ல லைட், எல்லாரையும் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் பயன்படும்படி. ஆனால் இதையும் யோசித்துச் செய்யுங்கள். தேர்தல் காலத்தில் வேட்பாளர் காசில் லயத்துக்கு லைட் வந்தால் அது பாதுகாப்பா, வாக்குக்குக் கொடுத்த இலஞ்சமா என்று எதிர்ப்பக்கம் கேட்கும், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. வேட்புமனுவுக்கு வெகு முன்பே, அக்காவின் பெயர் இல்லாமல், லயத்தார் சேர்ந்து போட்டுக்கொள்வதுதான் சுத்தமான வழி.

பணம் போகாத பாதுகாப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் அன்றே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்தவர் இல்லையென்று சிங்களத்தில் எழுதினால் ஒருவரை வைத்து வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். "கல் எறிந்தார்கள்" என்று சொன்னது "கல் விழுந்தது" என்று எழுதப்பட்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதே முறைப்பாட்டின் பிரதியை மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்துக்கும் கொடுங்கள். படத்தை வெட்டி ஒட்டிய விஷயத்தில் வந்த நம்பரையும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பொலிஸின் கணினிக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். குற்றம் ஒன்றுக்கு ஆளாகி முறைப்பாடு செய்தவர் என்ற வகையில், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் பாதுகாப்புக் கேட்கலாம். இந்தக் காகிதங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பின்னர் காவல் செலவை விபரத்திரட்டில் எழுதும்போது, எதற்காக வைத்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு இவைதான் இருக்கும். பயமுறுத்தல் நடந்த திகதி முன்னால், ரசீதுத் திகதி பின்னால் இருக்க வேண்டும்.

தேர்தல் முடிந்த மறுநாளோடு பயம் முடிவதில்லை என்பதும் நம் ஆட்களுக்குத் தெரியும். 1977 ஜூலையில் தேர்தல், ஆகஸ்டில் அடி. தோட்டங்கள் எரிந்தது வாக்குப் போட்ட பிறகுதான். அமெரிக்காவில் பிரசாரக் குழுவின் வங்கிக் கணக்கு வருடம் முழுவதும் திறந்திருக்கும், காசு வந்துகொண்டே இருக்கும், ஆகவே பிந்திய காவலுக்கும் அதில் எடுக்கலாம். இங்கே 21 நாளில் விபரத்திரட்டைக் கொடுத்துவிட்டால் பிரசார நிதி என்று ஒன்று மிச்சமிருக்காது. கையில் மிஞ்சியிருப்பது அச்சகத்துக் கடன்தான். அதன் பிறகும் காவல் வேண்டுமென்றால் அது அக்காவின் சொந்தக் காசு, சொந்தக்காரர் உதவி. அதைப் பிரசாரக் கணக்கில் முன்கூட்டியே "அட்வான்ஸ்" என்று எழுதிவைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நீங்கள் தம்பி என்ற முறையில் அக்காவோடு கூடப் போய்வந்தால், அதற்குக் கூலி வாங்காவிட்டால், அதைச் செலவாக எழுதத் தேவையில்லை என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் வழக்கம். இதுவரை யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. ஆனால் நீங்கள் ஓட்டும் த்ரீவீலுக்கு அடிக்கும் பெற்றோலை எழுதுங்கள். த்ரீவீல் இன்னொருவருடையது, அவர் வாடகை வாங்காமல் கொடுத்தார் என்றால் நாள் வாடகை எவ்வளவோ அதை அவர் பெயரில் நன்கொடையாகவும், அதே தொகையைச் செலவாகவும் எழுதுங்கள். ஒரு சின்னக் கொப்பி வாங்கி த்ரீவீலின் முன் தட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திகதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்பினீர்கள், எவ்வளவுக்கு அடித்தீர்கள். திரும்பிய நேரத்தை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், கல் விழுந்த ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பொலிஸில் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.